வாலடியில் கறுப்பு வளையம்: இது டிப்ளோடஸ் அனுலாரிஸ்தானா?

கடற்புல்:
மத்தியதரைக் கடல் சீபிரீம் மீன் ஒன்று, ஆல்கஹாலில் உள்ள பழைய மாதிரி. நீளம் 12 செ.மீ. வால்காம்பில் (வால் துடுப்புக்கு முந்தைய ஒடுங்கிய பகுதி) கறுப்புப் பட்டை, வேறு குறி இல்லை. லேபிளில் ஸ்பாரஸ் அனுலாரிஸ், பட்டியலில் டிப்ளோடஸ் அனுலாரிஸ். இரண்டும் ஒன்றா? பால் மாறும் இனம் என்கிறார்களே, ஆண் பெண் எப்படிப் பார்ப்பது?

பெயர்ப்பட்டியல்:
பெயர் இரண்டு, மீன் ஒன்று. 1758-இல் வகைப்பாட்டியலாளர் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டு ஸ்பாரஸ் பேரினத்தில் வைத்தார். இப்போது அது இயற்கையியலாளர் ரஃபினெஸ்க் 1810-இல் நிறுவிய டிப்ளோடஸ் பேரினத்தில் இருக்கிறது. "டிப்ளோடஸ் அனுலாரிஸ் (லின்னேயஸ், 1758)" என்று எழுதுங்கள். அடைப்புக்குறியை விட்டால் லின்னேயஸே டிப்ளோடஸில் வைத்தார் என்றாகிவிடும். பழைய லேபிளையும் புட்டியிலேயே விட்டுவையுங்கள்.

செவிக்கல்:
அதற்குமுன் மீன் அதுதானா என்று பாருங்கள். வால் பட்டை ஒன்றை மட்டும் நம்பினால் ஒப்ளாடா மெலனூரா என்ற வேறொரு சீபிரீமிடம் ஏமாந்துபோவீர்கள். அதன் உடல் ஒடுங்கி நீண்டது, வால் புள்ளிக்கு முன்னும் பின்னும் வெண்மை இருக்கும். வாயைத் திறந்தால் சந்தேகமே வராது: அனுலாரிஸுக்கு ஒவ்வொரு தாடையிலும் முன்னால் 8 வெட்டுப்பற்கள், பக்கங்களில் அரைக்கும் பற்கள். ஒப்ளாடாவுக்கு அரைக்கும் பற்களே கிடையாது.

அதே பேரினத்தின் இன்னோர் இனமான டிப்ளோடஸ் வல்காரிஸுக்கும் 8 வெட்டுப்பற்கள்தான், ஆனால் பிடரியிலும் ஒரு கறுப்புப் பட்டை உண்டு. அனுலாரிஸின் இடுப்புத் துடுப்பு மஞ்சள். ஆல்கஹாலில் அந்த மஞ்சள் போய்விடும், கறுப்பு நிற்கும். அதனால் மஞ்சள் இல்லை என்பதை வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். குஞ்சுகளில் மங்கலான ஐந்து குறுக்குப் பட்டைகள் தெரியும், பலர் அதை டிப்ளோடஸ் சார்கஸ் என்ற வேறு இனம் என்று எழுதிவிடுகிறார்கள்.

கடற்புல்:
அரைக்கும் பற்கள் இருக்கின்றன, பிடரியில் பட்டை இல்லை. பால்?

செவிக்கல்:
வெளித்தோற்றத்தில் தெரியாது. இளமீனின் இனவுறுப்பில் அண்டத் திசுவும் விந்துத் திசுவும் சேர்ந்தே இருக்கும். பெரும்பாலானவை பிறகு ஆணாகவோ பெண்ணாகவோ நிலைத்துவிடும், சில மட்டும் ஆணிலிருந்து பெண்ணாக மாறக்கூடும். ஆகவே "சின்னது ஆண், பெரியது பெண்" என்று நீளத்தை வைத்துப் பிரிப்பது தவறு. 10 செ.மீ. அளவில் முதிர்ச்சி வரும், உங்களுடையது அந்த எல்லையைத் தாண்டியது. இனப்பெருக்கப் பருவம் முடிந்தபின் பிடித்த மீனில் உறுப்பு நூல்போல் சுருங்கியிருக்கும், கண்ணால் பார்த்துச் சொன்னால் பிழைதான் வரும். நடுப்பகுதியில் ஒரு துண்டு எடுத்து மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பாருங்கள். ஆல்கஹால் மாதிரியில் திசு சுருங்கியிருக்கும், அதனால் ஒரே சீவலோடு நிறுத்தாதீர்கள்.