ஐந்து வயது மகளுடன் செய்ய ஏற்ற விளையாட்டுப் படகு எது?

கேள்வி:
வணக்கம். காகிதக் கப்பல் நனைந்து அமிழ்ந்துவிடுவதால், மூழ்காத படகு வேண்டும் என்றும் அதில் பாய் இருக்க வேண்டும் என்றும் என் மகள் கேட்கிறாள். தெர்மாகோல் துண்டில் பாயை நட்டால், லேசான காற்றுக்கே கவிழ்ந்துவிடுகிறது. அவளும் சேர்ந்து செய்யக்கூடிய முறை ஒன்றைத் தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1:
வாழைமட்டையே இதற்கு மிகவும் ஏற்றது. அதன் உட்புறம் முழுவதும் காற்றறைகள் இருப்பதால் நனைந்தாலும் மிதக்கும். ஒரு சாண் நீளமுள்ள மூன்று துண்டுகளை நெருக்கி வைத்து, ஈர்க்குச்சிகளைக் குறுக்கே செருகினால், நம் கடற்கரைக் கட்டுமரத்தைப் போன்ற அமைப்பு வந்துவிடும். வெட்டுவதை நீங்கள் செய்யுங்கள். செருகுவதை, கோணலாகப் போனாலும், மகளிடமே விடுங்கள். பூவரச இலையில் ஈர்க்கைக் கோத்து நட்டால் அதுவே பாய். வாழைக்கறை துணியை விட்டுப் போகாது என்பதால் பழைய உடை அணிவிப்பது நல்லது.

பதில் 2:
தெர்மாகோல் ஏன் கவிழ்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். காற்று பாயின் மேற்பகுதியைத் தள்ளும்போது, அதற்கு ஈடுகொடுக்கும் எடை அடியில் இல்லை. படகு அகலமாக இருந்தால், சாயும் பக்கம் கூடுதலாக அழுந்துவதால் நீரே அதை மேலே தள்ளி நிமிர்த்தும்; குறுகலான துண்டுக்கு அந்த ஆதரவு குறைவு. ஆகவே பாயைத் தாழ்வாக வைத்து, அடியில் ஒரு கூழாங்கல்லை நூலால் கட்டுங்கள். கல்லை நடுவிலும் ஓரத்திலும் மாற்றிக் கட்டி, என்ன நடக்கிறது என்று குழந்தையே பார்க்கட்டும். விளக்கத்தை அதன் பிறகு சொன்னால் போதும்.

பதில் 3:
மேலே சொன்ன இரண்டையும் ஏற்கிறேன். படகின் பின்புறம் சூடத்துண்டை வைத்து ஓடவிடும் பழைய முறையை யாரேனும் பரிந்துரைத்தால், இந்த வயதில் அது வேண்டாம். சூடத்தை விழுங்கினால் சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வரக்கூடும். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டைப் பின்புறம் விட்டாலே சிறிய அட்டைப் படகு முன்னோக்கி ஓடும். நீரின் மேற்பரப்பு முழுவதும் சோப்பு பரவிய பின் அது நகராது என்பதால், ஒவ்வொரு முறையும் நீரை மாற்ற வேண்டும். எந்தப் படகானாலும், தொட்டியில் ஒரு சாண் நீரே இருந்தாலும், குழந்தையைத் தனியே விட்டு நகராதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. நாங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். வாழைமட்டை எங்கே கிடைக்கும்?

பதில் 1:
சந்தையில் வாழைத்தண்டு விற்பவரிடம் கேளுங்கள். தண்டை எடுப்பதற்காக உரித்த மட்டைகள் அவரிடம் இருக்கும்.