மாநகராட்சி பட்ஜெட்டில் பொதுமக்கள் பேச வழி இருக்கிறதா?

வேளச்சேரி வாசி:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் இருக்கும் கேள்வி இது. மார்ச் மாதம் வந்தால் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையில் பட்ஜெட் தாக்கல் செய்கிறார்கள், மறுநாள் பேப்பரில் புதிய அறிவிப்புகள் வரிசையாக வருகின்றன, அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. போன வருடம் அறிவித்ததற்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், அதில் எவ்வளவு செலவானது, எந்தத் துறைக்குக் கொடுத்த பணம் செலவாகாமலே நின்றது என்று யாராவது உட்கார்ந்து துறைவாரியாகக் கேட்கிறார்களா?

என் அத்தை மகன் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கிறான். அங்கே கவுண்டி என்று ஒரு நிர்வாகம், நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பட்ஜெட்டை நிறைவேற்றும் முன் மக்களைக் கூப்பிட்டுக் கருத்து கேட்குமாம், யார் வேண்டுமானாலும் போய் மைக்கைப் பிடித்துப் பேசலாமாம். அதைக் கேட்டதில் இருந்து, அரையாண்டுக்கு ஒரு முறை சொத்துவரி கட்டும் நமக்கு இங்கே என்ன வழி இருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் தெருவில் சமீபத்தில் மழைநீர் வடிகால் போட்டார்கள். குறை சொல்ல வரவில்லை, வேலை நன்றாகவே இருக்கிறது. அதற்கு எவ்வளவு ஆனது, எந்தக் கணக்கில் இருந்து வந்த பணம், அடுத்த தெரு எப்போது பட்டியலில் வரும் என்பதையெல்லாம் ஒரு சாதாரண ஆள் தெரிந்துகொள்ள எங்கே போக வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கணக்கர்:

உள்ளாட்சிக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நேரடி பதில்: மாமன்றத்தில் நீங்கள் பேச முடியாது. 200 வார்டு கவுன்சிலர்கள்தான் பேசலாம். பட்ஜெட்டை ஒரு நாள் வைப்பார்கள், ஓரிரு நாளில் விவாதம், அப்புறம் நிறைவேறிவிடும். அதற்கு முன்னால் நிலைக்குழுக்கள் இருக்கின்றன: கணக்கு, வரிவிதிப்பு மற்றும் நிதி, பணிகள், சுகாதாரம், கல்வி, நகரமைப்பு என்று. துறைவாரியாகக் கேட்க வேண்டிய இடம் சட்டப்படி அதுதான். கவுன்சிலர் இருந்தால்தானே இதெல்லாம் என்பதையும் மறக்கக் கூடாது. 2016-ல் மாமன்றத்தின் காலம் முடிந்து 2022 தேர்தல் வரைக்கும் சென்னைக்கு மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை, தனி அலுவலர் நிர்வாகம்தான். அத்தனை வருடம் பட்ஜெட் போட்டார்கள், செலவு செய்தார்கள், மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் எழுந்து நின்று ‘இது என்ன செலவு’ என்று கேட்க இடமே இருக்கவில்லை. உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. பட்ஜெட் உரையை விட்டுவிட்டுப் புத்தகத்தை எடுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே வரிசையாக எண்கள் இருக்கும்: முடிந்துபோன ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பு ஆண்டுக்கு முதலில் போட்ட மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு, கடைசியில் வரும் ஆண்டுக்கான மதிப்பீடு. பேப்பரில் வருவது கடைசி எண் மட்டும்தான். முதல் மதிப்பீட்டையும் திருத்திய மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு தலைப்பில் நூறு ரூபாய் என்று சொல்லிவிட்டு டிசம்பர், ஜனவரியில் அதை நாற்பதாகத் திருத்தி, மறுபடி வரும் ஆண்டுக்கு நூற்றிருபது என்று போட்டிருந்தால், உங்கள் கேள்வி அங்கே இருக்கிறது. அந்த நாற்பதுக்குப் பல காரணம் இருக்கும். டெண்டர் எடுக்க ஆள் வராமல் இருக்கலாம், நிலம் கிடைக்காமல் இருக்கலாம், கோர்ட்டில் தடை இருக்கலாம், வேலை முடிந்து ஒப்பந்ததாரர் பில் நிலுவையில் நிற்கலாம். கடைசியாகச் சொன்னது முக்கியம். பில் நிலுவை என்றால் வேலை நடந்திருக்கிறது, பணம்தான் போகவில்லை. அதையும் வேலையே தொடங்காததையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிப் பேசினால் அதிகாரி ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

இன்னொன்று, எல்லாப் பணமும் மாமன்றம் தன் விருப்பப்படி பிரித்துக் கொடுக்கும் பணம் இல்லை. மழைநீர் வடிகாலையே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன், தெற்கே கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கிக் கடன். அந்தப் பணத்தை எடுத்துப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போட முடியாது. சொத்துவரி, தொழில்வரி, முத்திரைத்தாள் கட்டணத்தின் மேல்வரி, மாநில நிதிக் குழு பகிர்வு இதெல்லாம் சேர்ந்த வருவாய்க் கணக்கில் சம்பளம், ஓய்வூதியம், குப்பை அள்ளும் செலவு போக என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். நம்மால் வாதாட முடிகிற தொகை அதுதான்.

தணிக்கை தனி. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை இருக்கிறது, அதற்கு மேல் சிஏஜி என்கிற இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். ஆனால் அவை வந்து சேரும்போது காலம் ஓடிவிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிய சிஏஜி அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2018-ல். நடந்தது தவறா சரியா என்று அது சொல்லும், போன பணத்தை நிறுத்தாது.

உங்கள் தெரு வடிகாலுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். ‘எங்கள் தெருவில் எவ்வளவு செலவு செய்தீர்கள்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர், எம்-புக், இறுதி பில், இந்த நாலையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். எம்-புக் என்பது பொறியாளர் அளந்து எழுதும் அளவுப் புத்தகம். பில் அதை வைத்துத்தான் பாஸ் ஆகும். அதில் எழுதியிருக்கும் நீளத்தை நீங்களே தெருவில் டேப் பிடித்துச் சரிபார்க்கலாம். சட்டத்தின் பிரிவு 2(ஜெ) வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளித்த மாதிரியை வாங்கவும் உரிமை தருகிறது. இதைப் பயன்படுத்துகிறவர்கள் ரொம்பக் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

டோரன்ஸ் தமிழன்:

அத்தை மகன் சொன்னது உண்மைதான், ஆனால் முழுக்கதை கொஞ்சம் வேறு. நான் அதே லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் இருக்கிறேன்.

ஏறக்குறைய ஒரு கோடி ஜனங்களுக்கு, அவர்கள் தேர்ந்தெடுத்த ஐந்தே ஐந்து பேர் கொண்ட நிர்வாகக் குழு. ஒருவருக்கு இருபது லட்சம் பேர். சென்னையில் 2011 கணக்குப்படி பார்த்தால் ஒரு கவுன்சிலருக்கு முப்பதாயிரத்துக்குச் சற்று மேல். உங்கள் கவுன்சிலர் வீடு எங்கே என்று உங்களுக்குத் தெரியும், நான் இங்கே என் பிரதிநிதியை நேரில் பார்த்ததே இல்லை.

பட்ஜெட் 4,000 கோடி டாலருக்கு மேல். ஏப்ரலில் தலைமை நிர்வாக அலுவலர் பரிந்துரையை வைப்பார், மே மாதம் பொதுக் கருத்துக் கேட்பு, ஜூனில் இறுதி மாற்றம், ஜூலை 1 நிதியாண்டு தொடக்கம், போன வருடத்தில் மிஞ்சியதைச் சேர்த்து செப்டம்பர், அக்டோபர் வாக்கில் இன்னொரு திருத்தம். மைக் கிடைக்கும், ஆளுக்கு ஒன்றிரண்டு நிமிடம். அதற்குள் பெரிய எண்கள் எல்லாம் கிட்டத்தட்ட முடிவாகியிருக்கும். மருத்துவம், சமூகநலம் இரண்டிலும் பெரும்பகுதி மாநிலமும் ஒன்றிய அரசும் இன்னதற்கென்று கட்டிக் கொடுக்கும் பணம், கணக்கர் சார் வடிகால் கடனைப் பற்றிச் சொன்னதேதான். துறைத் தலைவர்கள் தங்கள் பட்ஜெட்டை ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தில் வந்து விளக்கியாக வேண்டும் என்பதே இங்கே 2024 நவம்பரில் மெஷர் ஜி என்ற வாக்கெடுப்பில் மக்கள் ஓட்டுப் போட்டுச் சேர்த்தது. ஐந்து பேரை ஒன்பதாக்குவதும் அதில்தான் வந்தது. அதனால் அமெரிக்காவில் எப்போதோ எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

இங்கிருந்து நான் சென்னைக்குக் கேட்பேன் என்றால் மைக்கைக் கேட்க மாட்டேன், வேறு இரண்டைக் கேட்பேன். கலிபோர்னியாவில் 1953 முதல் பிரவுன் சட்டம் இருக்கிறது. வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலைப் பொதுவில் வைக்க வேண்டும், அதில் இல்லாத பொருளை எடுத்து முடிவு செய்யக் கூடாது, சில அவசர விலக்குகள் தவிர. எந்த ஒப்பந்தம், எவ்வளவு தொகை என்று படித்துவிட்டுப் போய்ப் பேசலாம். அடுத்தது சிவில் கிராண்ட் ஜூரி. மாநிலத்தின் 58 கவுண்டிகளிலும் உண்டு. சாதாரணக் குடிமக்கள் ஒரு வருடம் உட்கார்ந்து தாங்களே ஒரு துறையைத் தேர்ந்தெடுத்து விசாரித்து அறிக்கை எழுதுவார்கள், நிர்வாகக் குழு 90 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். அதன் பரிந்துரையை ஏற்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது, ஆனால் ஏன் ஏற்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்தப் பதில் சொல்லும் கட்டாயம்தான் நம் ஊரில் எனக்குக் குறையாகத் தெரிகிறது.

பெரம்பூர் அக்கா:

கணக்கர் அண்ணா எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டார். மாமன்றத்தில் பேச முடியாது, சரி. ஏரியா சபையில் பேசலாமே! 2022-ல் விதிகள் வந்தன, அந்த வருடம் நவம்பரில் இருந்து நடக்கிறது. சென்னையில் ஒவ்வொரு வார்டையும் பத்துப் பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள், பகுதிக்கு ஒரு சபை, அதன் பிரதிநிதிகள் சேர்ந்து வார்டு கமிட்டி, கவுன்சிலர்தான் தலைவர். அந்தப் பகுதி வாக்காளர் யார் வேண்டுமானாலும் வரலாம்.

நான் போய்க்கொண்டிருக்கிறேன். வருகிறவர்கள் பேசுவது பெரும்பாலும் தெருவிளக்கு, குப்பை, நாய், கொசு. எல்லாம் நியாயமான விஷயம்தான், நானும் பேசியிருக்கிறேன். ஆனால் ‘போன வருடம் நம் வார்டில் எந்தெந்த வேலைக்கு எவ்வளவு செலவானது’ என்று ஒருவர் கேட்டால் கூட்டத்தின் போக்கே மாறுகிறது, ஏனென்றால் அதற்குப் பட்டியலோடுதான் பதில் சொல்ல முடியும். கேட்பதை எழுதிக் கொடுங்கள், மினிட்ஸில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

நேரமும் முக்கியம். மார்ச்சில் போய்க் கேட்டுப் பயன் இல்லை, அப்போது புத்தகம் அச்சாகிவிடும். மண்டலங்களில் இருந்து அடுத்த வருடத்துக்கான வேலைப்பட்டியல் மேலே போகும் நவம்பர், டிசம்பரிலேயே உங்கள் அடுத்த தெருவை எழுதிக் கொடுத்துவிடுங்கள். புனே மாநகராட்சியில் 2006-ல் இருந்து குடிமக்களிடம் படிவம் வாங்கி வார்டு வேலைகளை பட்ஜெட்டில் சேர்க்கும் பழக்கம் இருக்கிறது. நம்மிடம் இப்போது சபை இருக்கிறது, பட்ஜெட்டுக்கு முந்தைய கூட்டத்தை முழுக்க செலவுக் கணக்குக்கு என்று ஒதுக்கினால் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

அப்புறம் ஆர்டிஐ விஷயத்தில் எனக்குச் சின்ன மாற்றுக் கருத்து. எடுத்த எடுப்பில் மனு போட்டால் வார்டு உதவிப் பொறியாளர் உங்களை எதிரியாகப் பார்ப்பார். முதலில் நேரில் போய்க் கேளுங்கள். பல பேர் எஸ்டிமேட்டை எடுத்துக் காட்டவே செய்கிறார்கள். கிடைக்காவிட்டால் பத்து ரூபாய் ஸ்டாம்பு இருக்கவே இருக்கிறது.

வேளச்சேரி வாசி:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, மனமார்ந்த நன்றி. எங்கள் பகுதியில் ஏரியா சபை எப்போது, எங்கே என்று இந்த வாரமே விசாரிக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. வடிகாலுக்கு அப்புறம் அதே தெருவில் பாதாளச் சாக்கடை வேலையும் நடந்தது. அந்தச் செலவும் மாநகராட்சி பட்ஜெட் புத்தகத்தில்தான் இருக்குமா?

பழைய கணக்கர்:

இருக்காது. குடிநீரும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டர், 1978 சட்டத்தில் உருவான தனி வாரியம், அதற்குத் தனி பட்ஜெட். மின்கம்பி, கேபிள் என்றால் மின்வாரியம். சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம். ஒரே தெருவை மூன்று பேர் தோண்டினால் மூன்று கணக்கில் பார்க்க வேண்டும், ஆர்டிஐ மனுவும் அந்தந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தனித்தனியாகப் போட வேண்டும்.

மாநிலத் துறைகளின் செலவு சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதத்தில், அதாவது ஒவ்வொரு துறையும் தனக்கான பணத்தை ஒதுக்கக் கேட்கும் விவாதத்தில் வரும். அப்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் கொடுக்கும், இணையத்திலும் கிடைக்கும், நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறையின் குறிப்பில் மெட்ரோ வாட்டர் திட்டங்களைப் பார்க்கலாம். நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்கள் மானியக் கோரிக்கைகளை அலசுகின்றன, கேரளச் சட்டமன்றத்திலும் அப்படிக் குழுக்கள் உண்டு. நம் சட்டமன்றத்திலும் ஒரு துறையின் செலவைக் குழு உட்கார்ந்து நாள் கணக்கில் கேட்கும் முறை வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பெரம்பூர் தங்கை சொன்னது சரிதான், ஏரியா சபையை நான் குறிப்பிட்டிருக்க வேண்டும். நேரில் கேட்டுப் பார்த்துவிட்டே மனு போடுங்கள். போடும்போது வார்டு எண், தெருவின் பெயர், எந்தக் குறுக்குத் தெருவில் இருந்து எதுவரை, எந்த நிதியாண்டு, நாலும் இருக்கட்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும், அந்தத் தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.