புதுப்பிப்பு: பர்டூ கட்டணக் கணக்கு, கொஞ்சம் மாறியிருக்கு

போன மாசம் இங்கே கேட்டிருந்தேன்: அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் அரசுப் பல்கலையான பர்டூவில் எம்.எஸ். இடம் கிடைச்சிருக்கு, முழுத்தொகைக்கும் கல்விக்கடன் எடுக்கலாமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

துறைக்கு நேரடியா மெயில் போட்டேன். வாரம் 20 மணி நேர ஆசிரிய உதவியாளர் வேலை கிடைச்சிருக்கு! படிப்புக் கட்டணத்தில் பெரும்பகுதி தள்ளுபடி, கூடவே சம்பளமும். ஆனால் சில்லறைக் கட்டணங்கள் நம்ம தலையில்தான்; அதைக் கணக்கில் சேர்க்கத் தவறாதீங்க. முதல் சம்பளம் வர்ற வரை வாடகை, முன்பணம், சாப்பாடு எல்லாம் கையிருப்பில்தான் ஓடணும். அதனால் கடன் வாங்கத்தான் போறேன், ஆனால் சின்னதா.

"அரசுப் பல்கலைதானே, மலிவா இருக்குமே" என்று நினைச்சது என் தப்பு. கல்லூரிகள் தொடங்க மாநிலங்களுக்கு அமெரிக்க அரசு நிலம் கொடுத்த 1862 மோரில் சட்டப்படி கிடைத்த நில மானியத்தில் உருவான பல்கலைதான். 2013 முதல் அடிப்படைக் கட்டணத்தை ஏற்றவில்லை என்பதும் உண்மை. ஆனால் இந்தியானாவாசிக்கு வருஷம் சுமார் 10,000 டாலர் என்றால், வெளிமாநிலத்தாருக்கு கிட்டத்தட்ட 29,000. வெளிநாட்டு மாணவருக்கு அதற்கும் மேல். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் அங்கே எத்தனை வருஷம் இருந்தாலும் உள்ளூர்க் கட்டணம் கிடைக்கும்னு நம்பித் திட்டம் போடாதீங்க.

அப்பாவிடம் வீட்டுப் பத்திரத்தைத் திரும்ப பீரோவில் வைக்கச் சொல்லிட்டேன்.