பொருள்: அக்ளிமேஷன் – தகவமைப்பு வேண்டாம், 'பழகல்'?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

ஓர் உயிர் தன் வாழ்நாளிலேயே சூழலுக்கேற்ப உடலை மாற்றிக்கொள்வது அக்ளிமேஷன் (acclimation). தலைமுறைகளாக மரபுவழி வரும் மாற்றம் அடாப்டேஷன் (adaptation). இவற்றுக்கான தமிழ்ச்சொல் பற்றி வந்த கருத்துக்கு என் பதில்:

> அடாப்டேஷன், அக்ளிமேஷன் இரண்டுக்கும் தகவமைப்பு போதுமே. இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

போதாது ஐயா. டாஃப்னியாவையே எடுத்துக்கொள்ளுங்கள், மீன் வளர்ப்பவர்கள் உயிர்த்தீனியாகப் போடும் அதே நீர்த்தெள்ளு. தண்ணீர் சூடாகி ஆக்சிஜன் குறைந்தால் அது ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். வெளிறிக் கிடந்த உடல் சிவந்துவிடும். ஆக்சிஜன் கூடினால் சிவப்பும் குறையும். மரபணுவில் மாற்றம் எதுவும் இல்லை.

இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியின் ஃபெல்பிரிக் ஏரியில் நடந்தது வேறு. அதன் அடிச்சேற்றில் டாஃப்னியாவின் உறக்க முட்டைகள் (பொரியாமலே நெடுங்காலம் உயிரோடு கிடப்பவை) ஆண்டுவாரியாகப் படிந்து கிடந்தன. 1960-ஐ ஒட்டிய அடுக்கு ஒன்று, 2000-ஐ ஒட்டிய அடுக்கு ஒன்று. இரண்டிலிருந்தும் முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து, ஒரே சூழலில் வளர்த்து, நீந்த முடியாமல் துவளும்வரை தண்ணீரைச் சூடேற்றினார்கள். 2015-ல் முடிவு வெளியானது: பிந்தைய அடுக்கின் வழிவந்தவை கூடுதல் வெப்பம் தாங்கின. வளர்ப்பு ஒன்றேதான், ஆகவே வேறுபாடு பிறப்பிலேயே வந்தது. நாற்பது ஆண்டுக்குள் பரிணாமம்!

இனி, 'ஏரி சூடாகிறது, உயிரினங்கள் தகவமைந்துகொள்கின்றன' என்று எழுதினால் வாசகர் எதை நினைப்பார்? முதல் வகைக்கு, அதாவது உடல் சிவப்பது போன்ற அக்ளிமேஷனுக்கு, ஒரு எல்லை உண்டு, அதற்குமேல் உடல் தாங்காது. அதைப் பரிணாமம் என்று நம்பி நிம்மதியடைவதுதான் ஆபத்து.

அக்ளிமேஷனுக்குச் சென்ற மடலில் வந்த 'சூழலிணக்கவாக்கம்' வாயில் நுழையவில்லை. புது மீனைக் கவரோடு தொட்டியில் மிதக்கவிட்டு, 'தண்ணிக்குப் பழக்கிவிடு' என்கிறோமே, அதையே எடுத்துக்கொள்ளலாம். பழகல், பழகு, பழக்கு, பழகுதிறன், வெப்பப்பழகல், உவர்ப்பழகல் என்று தடையில்லாமல் வளர்கிறது. தகவமைப்பை மரபுவழி மாற்றத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

---

> பழகல், பழகு, பழக்கு, பழகுதிறன்

மேலுள்ள மடலுக்குக் குழுவின் இன்னொருவனாக என் பதில்: எனக்குச் சம்மதம். 'பழக்கம்' என்று மட்டும் நழுவிவிடக் கூடாது, அது நடத்தையைக் குறிக்கும்.

அப்புறம் ஒரு சிக்கல். சில மீன்களில் தாய் வெதுவெதுப்பான நீரில் இருந்தால் குஞ்சுகளும் அந்த நீரில் நன்றாக வளர்கின்றன, மரபணு மாறாமலே. இந்தத் தாய் விளைவு கலந்துவிடக் கூடாதென்றுதான் இத்தகைய சோதனைகளுக்கு முன் ஓரிரு தலைமுறை ஒரே சூழலில் வளர்ப்பார்கள். இந்தத் தாய் விளைவைத் தகவமைப்பு என்றும் சொல்ல முடியாது, தன் வாழ்நாளில் பழகியது என்றும் சொல்ல முடியாது. 'தாய்வழிப் பழகல்' என்று போடலாமா? தந்தை வழியாகவும் வருவதுண்டு என்பவர்கள் வேறு சொல் தாருங்கள்.