தமிழ் வகுப்பில் எஃப்எம் மைக்: அனுபவம் உள்ள பெற்றோர் சொல்லுங்களேன்

வணக்கம். என் மகள் சிங்கப்பூரில் தொடக்கநிலை மூன்றில் படிக்கிறாள், இரண்டு காதிலும் செவித்துணைக் கருவி போட்டிருக்கிறாள். ஆங்கிலம், கணக்கு வகுப்புகளில் ஆசிரியர் எஃப்எம் மைக்கை, அதாவது கம்பியில்லாமல் கருவிக்கே குரலை அனுப்பும் மைக்கை, மாட்டிக்கொள்வதால் அவர் குரல் நேராக அவள் காதுக்கே வந்துவிடுகிறது. தமிழுக்கு மட்டும் வேறு அறைக்குப் போக வேண்டும், மைக் பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்வதில்லை. மேலே மின்விசிறி, வெளியே கேண்டீன் இரைச்சல், கருவி அதையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறது. "காதில்தான் மெஷின் இருக்கிறதே" என்பவர்களுக்கு இதைப் புரியவைப்பதே பெரும்பாடு. ல, ள, ழ வேறுபாட்டை உதட்டைப் பார்த்தும் பிடிக்க முடியாது, நாக்கு உள்ளே வளைவது வெளியே தெரியாதே.

உங்கள் பள்ளியில் மைக்கை யார் கொண்டுபோகிறார்கள்? பிள்ளையேவா, இல்லை தமிழாசிரியருக்குத் தனியாக ஒன்று உண்டா? தொடக்கநிலை ஆறின் முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில், தமிழ் கேட்டல் கருத்தறிதலுக்குச் சிறப்பு ஏற்பாடு கேட்டவர்கள், பள்ளியிடம் எப்போது பேச ஆரம்பித்தீர்கள், என்ன அறிக்கை கேட்டார்கள்?

அப்புறம், என் அக்கா மகனுக்குக் காது நன்றாகவே கேட்கிறது, ஆனால் சத்தத்துக்கு நடுவே பேச்சு விளங்குவதில்லை. கேட்டதை மூளை பிரித்தறிவதில் சிக்கல் என்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு யாராவது இந்த மைக்கைப் பயன்படுத்திப் பார்த்தீர்களா?

தமிழை விட்டுவிடச் சொல்லாதீர்கள், என் மகள் தன் பாட்டியோடு பேசும் மொழி அது. தனிச்செய்தி அனுப்பினாலும் சரி.