ரோட்டவேட்டர் பிளேடு மாற்ற ஒற்றை ஆளாகத் தூக்குவது: ஹைட்ராலிக்கா, செயின் பிளாக்கா?

ஒத்தையாள்:
டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் ஆறடி ரோட்டவேட்டர், எடை 400 கிலோவுக்கு மேல். பிளேடெல்லாம் தேய்ந்து கத்தி மாதிரி ஆகிவிட்டது. உதவிக்கு ஆள் இல்லை. டிராக்டரிலேயே தூக்கி வைத்து அடியில் படுத்து மாற்றலாமா? இல்லை, கழற்றி ஷெட் கூரைச் சட்டத்தில் செயின் பிளாக் (சங்கிலியைக் கையால் இழுத்துப் பாரம் தூக்கும் கப்பி) மாட்டித் தூக்கலாமா?

பழைய உழவன்:
இருபது வருடமாக டிராக்டரின் ஹைட்ராலிக் லிஃப்டில் தூக்கி, எஞ்சினை அணைத்து, அடியில் போய்த்தான் மாற்றுகிறேன். ஒரு நாளும் இறங்கியதில்லை. லிஃப்ட் இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெஸ்பான்ஸ் வால்வை முழுக்க மூடிவிட்டால் எண்ணெய் வெளியே போக வழியே கிடையாது. இதற்கு எதற்குச் செயின் பிளாக்?

பட்டறை வாசல்:
வழி இல்லையா? வால்வுக்கு அந்தப் பக்கம் சிலிண்டரில் பிஸ்டன் சீல் இருக்கிறதே, அது தேய்ந்தால்? சாயங்காலம் தூக்கி நிறுத்திவிட்டுப் போங்கள், காலையில் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். மெல்ல இறங்குவதாவது கண்ணுக்குத் தெரியும். லிஃப்ட் ராடில் ஒரு பின் முறிந்தால் உங்கள் வால்வு என்ன செய்யும்?

பழைய உழவன்:
நானும் சும்மா போவதில்லை தம்பி. ஃபிரேமுக்கு அடியில் ஹாலோ பிளாக் அடுக்கித்தான் போவேன்.

பட்டறை வாசல்:
அண்ணே, அது இன்னும் மோசம். ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் ஓரத்தில் பாரம் பட்டால் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். மரக்கட்டை நசுங்கும், முனகும், நகர ஒரு நொடி கொடுக்கும். ஒரு டிரெய்லர் அச்சைச் செங்கல் மேல் நிறுத்திவிட்டு ஸ்பேனர் எடுக்கத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் சத்தம். செங்கல் இருந்த இடத்தில் தூள்தான் இருந்தது.

கப்பியும் சங்கிலியும்:
இதனால்தான் செயின் பிளாக் என்கிறேன். கையை எடுத்தாலும் அதற்குள் இருக்கும் பிரேக் பிடித்து நிற்கும். ஒரு டன் பிளாக் இந்த எடைக்குத் தாராளம்.

பட்டறை வாசல்:
பிளாக் தாங்கும், சரி. மேலே இருக்கும் சட்டம்? கூரைத் தகட்டைச் சுமக்கப் போட்ட பைப்பில் நடுவில் 400 கிலோவைத் தொங்கவிட்டால் அது வளையும். சங்கிலியின் கோணத்தையும் மறக்க வேண்டாம். கொக்கியிலிருந்து பிரிந்து இறங்கும் இரண்டு சங்கிலிக் கால்களுக்கு இடையே 120 டிகிரி விரித்துப் போட்டால் ஒவ்வொரு காலிலும் முழு 400 கிலோ இழுவை விழும். 60 டிகிரிக்குள் வைத்தால் சுமார் 230 கிலோதான். வண்டி இழுக்கிற சங்கிலியால் தூக்குவதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

கப்பியும் சங்கிலியும்:
தொங்கவிட்டு அடியில் வேலை பார்க்கச் சொன்னேனா? தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைக்கத்தான் சொன்னேன். சட்டம் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. தரையில் நிற்கிற கேன்ட்ரி (பாரம் தூக்கும் சட்டம்) இல்லாமல் நானும் தூக்க மாட்டேன்.

பட்டறை வாசல்:
அப்படியானால் கழற்றுவதே எதற்கு? தனியாளுக்குக் கழற்றி மாட்டுவதுதான் பாதி ஆபத்து. டிராக்டரிலேயே ஒன்றரை அடி தூக்குங்கள். ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு முட்டு, எஞ்சினை அணைத்துச் சாவி பாக்கெட்டில். எஞ்சின் விசையை ரோட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ ஷாஃப்ட்டைக் கழற்றிவிடுங்கள். இரண்டு பக்கத் தகட்டையும் தாங்குகிற மாதிரி ஸ்டாண்ட் வையுங்கள், ரோட்டருக்கு (பிளேடுகள் மாட்டியிருக்கும் சுழல் தண்டு) அடியில் வேண்டாம். பிறகு லீவரை முழுக்க இறக்கி எடை ஸ்டாண்டில் உட்காரட்டும். தள்ளிப் பாருங்கள், ஆடினால் மறுபடி முதலிலிருந்து. பின்பலகையை மேலே தூக்கிச் சங்கிலியால் கட்டிவிட்டுப் பின்னால் உட்கார்ந்தே மாற்றலாம். அடியில் படுக்க வேண்டிய வேலையே இல்லை.

பழைய உழவன்:
முன்பக்க போல்ட்டுக்குக் கை எட்டாதே?

பட்டறை வாசல்:
ஷாஃப்ட் கழன்றிருக்கிறதே, ரோட்டர் சுற்றும். பிளேடைப் பிடித்து இழுக்காமல் கட்டையால் தள்ளிச் சுற்றுங்கள். முறுக்கும்போது ஆப்பு அடித்து நிறுத்திக்கொள்ளலாம்.

பழைய உழவன்:
பின்னால் உட்கார்ந்து மாற்றலாம் என்பது இத்தனை வருடம் எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் லிஃப்ட் இன்று வரை இறங்கியதில்லை, அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பியும் சங்கிலியும்:
ஒத்தையாள், போனை டிராக்டர் சீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், சட்டைப் பையில் இருக்கட்டும். இத்தனை மணிக்குள் நான் கூப்பிடாவிட்டால் வந்து பார் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

ஒத்தையாள்:
முடித்துவிட்டேன். மண் தரை என்பதால் இடது ஸ்டாண்ட் இரண்டு விரல் அளவு புதைந்தது. தள்ளிப் பார்த்ததில்தான் தெரிந்தது. திரும்பத் தூக்கி, அடியில் அகலப் பலகை போட்டபின் அசையவில்லை. ஒரே ஒரு நட்டு மட்டும் கழலவில்லை, நாளைக்கு கிரைண்டரால் அறுக்க வேண்டும்.

பழைய உழவன்:
முந்தின நாளே டீசல் விட்டு ஊறவைத்திருந்தால் கழன்றிருக்கும். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.