இரவு டைம்லாப்ஸ்: பாதிப் படங்களைக் காணவில்லை, நாய்ஸ் ரிடக்ஷனை அணைத்தும் பயனில்லை

கார்முகில்:
அவசரம், தெரிந்தவர்கள் உதவுங்கள். நட்சத்திர வானத்தை டைம்லாப்ஸாக (சீரான இடைவெளியில் படங்கள் எடுத்து வீடியோவாகக் கோப்பது) எடுக்கிறேன். கணக்குப்படி 720 படங்கள் வந்திருக்க வேண்டும், கார்டில் 360தான் இருக்கின்றன. வீடியோவாகக் கோத்தால் நட்சத்திரங்கள் சீராக நகராமல் தாவித் தாவிப் போகின்றன. நாய்ஸ் ரிடக்ஷன் (படத்தில் பொரிப் பொரியாகத் தெரியும் இரைச்சலைக் குறைக்கும் வசதி)தான் காரணம் என்று எங்கோ படித்து, அதை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். படங்கள் பாதிதான் வருகின்றன, கூடவே புள்ளியும் பொரியுமாக முன்பைவிட மோசமாக இருக்கின்றன. நாளை இரவை விட்டால் நிலவு வந்துவிடும். கேமரா பழுதா?

நீலவானம்:
என்ன கேமரா, ஷட்டர் எவ்வளவு, இடைவெளி எவ்வளவு, கேமராவுக்குள் இருக்கும் டைமரா, வெளியே செருகும் ரிமோட்டா, ராவா (சென்சார் தந்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் கோப்பு), ஜேபெகா (கேமராவே பதப்படுத்திச் சுருக்கிய கோப்பு)? இவற்றில் ஒன்றையும் சொல்லவில்லையே. ஆனாலும் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: கார்டு மெதுவானது. எழுதி முடிப்பதற்குள் அடுத்த படத்துக்கான நேரம் வந்துவிட்டால் கேமரா அதை விட்டுவிடும். வேகமான கார்டு மாற்றிப் பாருங்கள்.

குளிர்காற்று:
சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) சூடாகிறது என்று நினைக்கிறேன். மணிக்கணக்கில் ஓடும்போது பின்திரை எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே வெப்பம் ஏறும், புள்ளிகள் பெருகும். திரையை அணைத்துவிட்டு எடுங்கள்.

கார்முகில்:
கார்டு புதியது, வேகமானது. திரை அணைந்துதான் இருந்தது. மிர்ரர்லெஸ், ஃபுல் ஃபிரேம், 24 மி.மீ. லென்ஸ், லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஐஎஸ்ஓ (கேமரா சிக்னலைப் பெருக்கும் அளவு) 3200. இடைவெளி 20 நொடி, வெளி ரிமோட். 4 மணி நேரம் ஓடியது.

பழைய ஷட்டர்:
ஷட்டர் வேகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். தம்பி, இந்தக் கேள்விக்குக் கையேட்டிலேயே பதில் இருக்கிறது. இருட்டில் போய் நிற்பதற்கு முன் ஒரு பகல் பொழுதை ஒதுக்கி மெனுவின் ஒவ்வொரு வரியையும் படித்திருந்தால் இங்கே வந்து நிற்க வேண்டியிருக்காது. நாங்கள் ஃபிலிமில் எடுத்தபோது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் குறிப்பேடு வைத்திருந்தோம்.

விடிவெள்ளி:
சரியாகப் பாதி என்பதுதான் இதில் முக்கியமான தடயம். கார்டு திணறினால் இழப்பு தாறுமாறாக இருக்கும். ஓரிடத்தில் நான்கு படம் சேர்ந்தாற்போல் இருக்கும், ஓரிடத்தில் இரண்டு விடுபட்டிருக்கும். 720இல் 360 என்பது ஒன்றுவிட்டு ஒன்று போனதைக் காட்டுகிறது.

இரண்டு கேள்விகள். முதலாவது, அடுத்தடுத்த மூன்று படங்கள் எடுக்கப்பட்ட நேரத்தை நொடி வரை பார்த்துச் சொல்லுங்கள். இரண்டாவது, எந்த நாய்ஸ் ரிடக்ஷனை அணைத்தீர்கள்? மெனுவில் அந்தப் பெயரில் இரண்டு வரிகள் இருக்கும்.

கார்முகில்:
ஷட்டர் 15 நொடி, எழுத மறந்துவிட்டேன். நேரம்: 11:02:20, 11:03:00, 11:03:40. வேறு இடங்களிலும் பார்த்தேன், எல்லாம் 40 நொடி இடைவெளி. அணைத்தது ஹை ஐஎஸ்ஓ நாய்ஸ் ரிடக்ஷன். அதற்குக் கீழே லாங் எக்ஸ்போஷர் என்று இன்னொன்று இருக்கிறது, அது ஆன் நிலையில்தான் இருக்கிறது. பெயர் வேறானாலும் இரண்டும் ஒரே வேலை இல்லையா?

விடிவெள்ளி:
இல்லை. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

நீங்கள் அணைத்த ஹை ஐஎஸ்ஓ வகை, எடுத்த படத்தை மென்மையாக்கும் வெறும் கணக்கு வேலை. பெரும்பாலான கேமராக்களில் ஜேபெகைத்தான் தொடும், ரா கோப்பைத் தொடாது. அணைத்ததும் பொரி கூடியது என்கிறீர்கள், ஆகவே நீங்கள் பார்ப்பது ஜேபெக். ராவுக்கு மாறுங்கள்.

நீங்கள் விட்டுவைத்த லாங் எக்ஸ்போஷர் வகைதான் படங்களைத் தின்கிறது. 15 நொடி படம் எடுத்து முடிந்ததும் கேமரா ஷட்டரை மூடிக்கொண்டு, அதே கால அளவுக்கு இன்னொரு படத்தை இருட்டிலேயே எடுக்கிறது. சென்சார் தன் சூட்டால் தானாக உண்டாக்கும் புள்ளிகள் மட்டும் அதில் பதியும். அதை முதல் படத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் கோப்பை எழுதும், ரா கோப்பிலும் இந்தக் கழித்தல் நடந்துவிடும். நிக்கானின் பல கேமராக்களில் இந்த நேரம் முழுவதும் 'ஜாப் என்ஆர்' என்று மின்னும். கேனானில் 1 நொடியும் அதற்கு மேலும் உள்ள படங்களுக்கு இது பொருந்தும். அங்கே 'ஆட்டோ' என்ற நிலையும் இருக்கிறது. டைம்லாப்ஸுக்கு அதையும் நம்ப வேண்டாம்.

இப்போது உங்கள் கணக்கு. பல கேமராக்களில் 15 நொடி என்று காட்டுவது உண்மையில் 16 நொடி, 30 என்று காட்டுவது 32. ஆக, படம் 16, இருள் படம் 16, மொத்தம் 32 நொடி கேமரா கையை விரித்துவிடும். 20ஆம் நொடியில் ரிமோட் தட்டும்போது கதவு மூடியிருக்கும், அந்தத் தட்டல் வீண். 40ஆம் நொடியில் திறந்திருக்கும், படம் விழும். உங்கள் 40 நொடி இடைவெளி அதுதான்.

தாவலுக்கும் அதுவே காரணம். வானம் நொடிக்கு 15 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது டிகிரியில் 3600இல் ஒரு பங்கு) திரும்புகிறது. உங்கள் சென்சார் 24 மெகாபிக்சல் என்று வைத்துக்கொண்டால், வான நடுக்கோட்டுக்கு அருகே உள்ள நட்சத்திரம் 24 மி.மீ. லென்ஸில் 20 நொடிக்குச் சுமார் 6 பிக்சல் நகரும், 40 நொடிக்கு 12 பிக்சல்.

கேமரா பழுதில்லை. அந்த வரியை அணையுங்கள், அவ்வளவுதான்.

குளிர்காற்று:
அணைத்தால் சூட்டுப் புள்ளிகள் திரும்ப வந்துவிடுமே? படங்கள் முழுதாக வந்து, எல்லாவற்றிலும் சிவப்பும் நீலமுமாகப் புள்ளி இருந்தால் என்ன லாபம்? இடைவெளியை 35 நொடியாக்கி அது ஆன் நிலையிலேயே இருக்கட்டும் என்பேன். சென்சாரின் இருள் மின்னோட்டம் (ஒளியே இல்லாமல் சூட்டால் உண்டாவது) ஏறத்தாழ 6 முதல் 8 டிகிரி செல்சியஸுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. ஒவ்வொரு படத்துக்கும் அந்தந்த நேரத்து வெப்பநிலையிலேயே இருள் படம் கிடைப்பது பெரிய வசதி.

விடிவெள்ளி:
நிழற்படம் ஒன்றிரண்டு மட்டும் எடுப்பவருக்கு அது நல்ல வசதி, மறுக்கவில்லை. டைம்லாப்ஸில் பாதி இரவை மூடிய ஷட்டருக்குக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. பேட்டரியும் அதற்காகக் கரைகிறது. எடுத்து முடித்ததும், கேமராவை உள்ளே கொண்டுபோகாமல், அதே குளிரில், லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஷட்டர் அதே ஐஎஸ்ஓவில் 16 படங்கள் எடுங்கள். அவற்றின் சராசரியை எல்லாப் படங்களிலிருந்தும் கழிக்கலாம். கேமரா ஒற்றை இருள் படத்தைக் கழிக்கும்போது அதன் சொந்த இரைச்சலையும் படத்தில் சேர்த்துவிடுகிறது. 16 படங்களின் சராசரியில் அந்த இரைச்சல் கால் பங்காகிவிடும்.

இன்னொன்று: ரா கோப்பைத் திறக்கும் பல மென்பொருள்கள் தனித்து நிற்கும் சூட்டுப் புள்ளிகளைத் தாமாகவே நீக்கிவிடுகின்றன. முதலில் அதைப் பாருங்கள். மிச்சம் இருப்பது எது என்று அறிய, படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, அடுத்தடுத்த இரண்டு படங்களை மாற்றி மாற்றிப் பாருங்கள். நட்சத்திரம் நகர்ந்திருக்கும். சூட்டுப் புள்ளி இம்மியும் நகராது. ஜேபெகில் அதன் நான்கு பக்கமும் மங்கலாக ஒரு கூட்டல் குறி போல நிறம் கசிந்திருக்கும்.

நீலவானம்:
கார்டு இல்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இரைச்சல் குறைய நேர்வழி ஐஎஸ்ஓவைக் குறைப்பதுதான். 3200 மிக அதிகம். 800இல் எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் வெளிச்சம் கூட்டுங்கள்.

பழைய ஷட்டர்:
ஐஎஸ்ஓ இரைச்சலை உண்டாக்குகிறது என்ற இந்தப் பழைய தப்பெண்ணம் என்று ஒழியுமோ. இரைச்சல் வருவது ஒளிப் பற்றாக்குறையால். லென்ஸ் திறப்பும் ஷட்டர் நேரமும் மாறாதபோது சென்சாரில் விழும் ஒளி அதேதான், 800 என்றாலும் 3200 என்றாலும். நான்கு மடங்கு ஒளி விழுந்தால்தான் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் இரு மடங்காகும். அதற்கு எஃப் 2.8ஐவிட நான்கு மடங்கு ஒளி விடும் எஃப் 1.4 லென்ஸ் வேண்டும். பல சென்சார்களில் ஐஎஸ்ஓ ஏற ஏற வாசிப்பு இரைச்சல் (சென்சாரைப் படித்தெடுக்கும்போது சேரும் இரைச்சல்) குறையவே செய்கிறது. அடிப்படை தெரியாமல் ஆலோசனை சொல்லாதீர்கள்.

நீலவானம்:
சில கேமராக்களில் 800இல் எடுத்து ஏற்றினாலும் 3200இல் எடுத்ததும் ஒன்று போலவே இருக்கும் என்பதும் உண்மைதானே? அப்படிப்பட்ட கேமராவில் 800 வைத்தால் பிரகாசமான நட்சத்திரங்களின் நிறம் வெளுக்காமல் மிஞ்சும். இரைச்சல் குறையும் என்று நான் எழுதியது பொருந்தாது என்றாலும், ஐஎஸ்ஓவைக் குறைப்பதற்கு வேறு நியாயம் இருக்கிறது.

பழைய ஷட்டர்:
எந்தக் கேமரா என்றே தெரியாதபோது அதைப் பொது விதியாகச் சொல்ல முடியாது.

குளிர்காற்று:
நிறம் காக்க வேண்டும் என்பதில் நீலவானம் பக்கம்தான் நான். ஒளி மிகுந்து எரிந்துபோன நட்சத்திரங்கள் எல்லாம் வெள்ளைப் பொட்டுகளாகிவிடுகின்றன. சிவப்பு நட்சத்திரம் சிவப்பாகத் தெரிவதற்காகத்தானே இத்தனை பாடு?

விடிவெள்ளி:
இருவரும் சொல்வது அவரவர் கேமராவைப் பொறுத்துச் சரி. கேட்டவருக்கு நாளை இரவு மட்டும்தான் இருக்கிறது, 3200லேயே எடுக்கட்டும்.

தரைப்பகுதியின் இரைச்சலுக்கு மட்டும் ஒரு வழி: மரம், பாறை, மலைக்கோடு அசைவதில்லை. அடுத்தடுத்த 9 படங்களின் சராசரியைத் தரைக்கு மட்டும் எடுத்தால் இரைச்சல் மூன்றில் ஒன்றாகும். வானத்துக்கு அப்படியே செய்தால் நட்சத்திரங்கள் கோடாகிவிடும். ஆகவே எடிட்டிங்கில் முகமூடி (மாஸ்க்) போட்டு வானத்தையும் தரையையும் பிரித்துவிடுங்கள். காற்றில் ஆடும் கிளைகள் இருந்தால் இதுவும் வேண்டாம்.

கார்முகில், நாளை கிளம்புவதற்கு முன் ஒரு நிமிடம் சோதியுங்கள். லாங் எக்ஸ்போஷர் வரியை அணைத்து, 15 நொடி ஷட்டர், 20 நொடி இடைவெளி, லென்ஸ் மூடி போட்டபடியே ஓடவிடுங்கள். மூன்று படங்கள் விழுந்திருந்தால் நிம்மதியாகப் போகலாம்.

அல்லிக்குளம்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே சிக்கல். என் கேமராவில் அந்த வரி சாம்பல் நிறத்தில் இருக்கிறது, தொட முடியவில்லை.

விடிவெள்ளி:
தொடர் படப்பிடிப்பு நிலையில் வைத்திருக்கிறீர்களா? சில கேமராக்கள் அந்த நிலையில் இந்த வரியைத் தொடவிடாது. ஒற்றைப் பட நிலைக்கு மாற்றினால் வரி திறக்கும், அணைத்துவிடுங்கள்.

கார்முகில்:
அணைத்தேன். 20 நொடிக்கு ஒரு படம் தவறாமல் விழுந்திருக்கிறது, ராவில். வீடியோ சீராக ஓடுகிறது. மிக்க நன்றி. எடிட்டிங் வேலை நிறைய இருக்கிறது, பிறகு வருகிறேன்.

குளிர்காற்று:
மகிழ்ச்சி. லென்ஸ் மூடி போட்டு இருள் படங்கள் எடுத்தீர்களா? புள்ளிகள் எப்படி இருக்கின்றன?

குளிர்காற்று:
கார்முகில், பார்த்தால் சொல்லுங்கள். கழித்தும் கழிக்காமலும் ஒரே இரவின் படங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிறேன்.

அல்லிக்குளம்:
எனக்கு ஒற்றைப் பட நிலையில் வரி திறந்துவிட்டது. நன்றி விடிவெள்ளி. அடுத்த அமாவாசைக்கு நான் 16 இருள் படங்கள் எடுத்து இரண்டு விதமாகவும் போடுகிறேன்.